புரட்டாசியில் வாங்கிய இடக்கை ரீல்

அந்தத் தூண்டில் ரீல் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. டின்னுக்கு இந்தப் பக்கம் ஓர் இட்லிக் குக்கர், அந்தப் பக்கம் கால் ஒடிந்த கிறிஸ்மஸ் மரம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடம். சனிக்கிழமை காலை. முதல் நாள் மழையில் நனைந்த அட்டைப் பெட்டிகளின் வாடை. மேசைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பில் இன்னும் ஈரம்.

நான் டின்னைப் பார்க்காதவன் போலக் குக்கரைக் கையில் எடுத்தேன்.

"ஆன்டி, இது எவ்வளவு?"

"அஞ்சு வெள்ளி. ஆனா உள்ள தட்டு ஒண்ணு காணோம். இப்பவே சொல்லிடுறேன்."

தன் பொருளின் குறையைத் தானே சொல்லி விற்கும் ஆளை நான் கராஜ் சேல்களில் அதிகம் கண்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் கண் முழுக்க டின்னுக்குள் இருந்தது. ரீலின் கைப்பிடி இடது பக்கத்தில் இருந்தது.

எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த இடது பக்கத்தைத்தான்.

ஏன் இடது பக்கம்

அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துபோனதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா எங்கள் ஊரான காப்பாரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வாரத்தில் ஆறு நாள் லோரி, ஏழாம் நாள் கடல். நண்பர்கள் நால்வரோடு ஒரு படகை வாடகைக்கு எடுத்துப் போவார். வாதத்துக்குப் பிறகு கால் தேறிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் தூக்கி வைத்த இடத்தில் கிடக்கிறது. விரல்கள் எதையும் பிடிப்பதில்லை.

ரீலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தூண்டில் கம்புக்குக் கீழே தொங்குவது. அதன் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம். மற்றது, கம்பின் மேல் உருளை போல உட்காருவது. அதன் கைப்பிடி செய்த பக்கத்தில்தான் இருக்கும், மாற்ற முடியாது. உலகத்தில் பாதிக்கு மேல் வலது பக்கம்.

அப்பாவுக்கு மேலே உட்காரும் ரீல்தான் வேண்டும். அது பிடிவாதம் மட்டுமில்லை. கம்பைப் படகின் விளிம்பில் சாய்த்து, வலது கையை அதன் மேல் பாரமாகக் கிடத்திவிட்டு, இடது கையால் சுற்ற வேண்டும். கீழே தொங்கும் ரீல் விளிம்பில் இடிக்கும். மேலே உட்காருவது இடிக்காது. இதை நான் பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறையின் சன்னல் கட்டையில், துடைப்பக் கட்டையை வைத்து எத்தனையோ முறை செய்து பார்த்தேன்.

கடையில் கேட்டேன். இடக்கை ரீல் ஆர்டர் செய்தால் வருமாம். விலையைச் சொன்னார்கள். நான் எப்படியாவது வாங்கிவிடுவேன், ஆனால் அப்பா தொடமாட்டார். புதுப் பொருள் எதைக் கொடுத்தாலும் முதலில் விலையைக் கேட்பார். பிறகு, "திருப்பிக் கொடுத்துட்டு வா" என்பார். "மலிவாகக் கிடைத்தது, யாரோ வேண்டாமென்று போட்டது" என்று சொன்னால்தான் வாங்கிக்கொள்வார்.

அதனால்தான் கராஜ் சேல்.

கம்பத்தில் ஒட்டிய காகிதம்

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே போகும்வரை கராஜ் சேல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் போட்டு விற்பதைக் கார் விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் வருடம் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுப் போய், மேசை, மேசை விளக்கு, ஒரு கால்குலேட்டர் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். அந்த மேசையில்தான் படித்து முடித்தேன்.

படிப்பு எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. வேலை, மேசை, ஏசி. அதோடு இந்தக் காகிதங்களைப் படிக்கும் பழக்கத்தையும் கொடுத்தது. எந்த வட்டாரத்தில் வீடு மாறுகிறார்கள், யார் வெளிநாடு போகிறார்கள், "இலவசமாக எடுத்துக்கொள்ளவும்" என்று எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டே படித்துவிடுவேன்.

முதல் முறை அப்பாவுக்கு வாங்கியது கீழே தொங்கும் ரீல். விவரம் தெரியாத காலம். ஆசையோடு காப்பாருக்குக் கொண்டு போனேன். அம்மா வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார். அடுத்தவர் வீட்டுச் சாமான் எது வந்தாலும், யார் செத்த வீடோ, யார் கண் பட்டதோ என்று மஞ்சளும் உப்பும் கரைத்த வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது அம்மாவின் வழக்கம். ரீலையும் முக்கினார். இரவெல்லாம் ஊற வைத்தார்.

ஒரே வாரத்தில் துரு. கைப்பிடி அசையவே இல்லை.

"உப்புத் தண்ணியில போடுவாங்களாம்மா?" என்று கத்தினேன்.

"கடலுக்குப் போற சாமான்தானடா? கடல்ல என்ன சக்கரையா இருக்கு?"

வாதம் வந்த பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தீர்மானித்தேன். இவரை மறுபடி படகில் ஏற்றாமல் விடுவதில்லை.

நாமம் போட்ட போட்டியாளர்

மறுபடி பெட்டாலிங் ஜெயாவுக்கு வருவோம்.

அந்தச் சனிக்கிழமை புரட்டாசிச் சனி. அது தற்செயல் இல்லை. புரட்டாசியில் நம் ஆட்கள் பலர் மீன் தின்பதில்லை, பிடிப்பதில்லை. தூண்டில் சாமான் பக்கமே வரமாட்டார்கள். சந்தையில் போட்டி குறைந்த மாதம் அதுதான். நானும் அந்த மாதம் சைவம்தான். ஆனால் வாங்குவதற்கு விரதம் இல்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

என் பெரிய போட்டியாளர் சேகரன் அண்ணே. பூச்சோங்கில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு வெள்ளை வேனில் எல்லா கராஜ் சேலுக்கும் எனக்கு முன்னால் வந்து நிற்பார். அன்றும் நின்றார். நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் ஒரு மின்விசிறி.

"பார்த்துட்டேன் தம்பி," என்றார் என் காதருகே. "டின்னுக்குள்ள இருக்கிறதை எட்டு மணிக்கே பார்த்துட்டேன். பெருமாள் மாசம், தொட முடியல. இல்லாட்டி நீ வரும்போது அது என் வேன்ல இருந்திருக்கும்."

"எது அண்ணே? நான் குக்கர் பார்க்க வந்தேன்."

"ஆமா லா. நான் திருப்பதிக்கு லட்டு பிடிக்க வந்தேன்."

அவர் சிரித்ததும் எனக்கு வேகம் வந்தது. டின்னைக் காட்டி, "இது என்ன ஆன்டி, பழைய இரும்பா?" என்றேன்.

"ரீல். எடுத்துப் பாரு."

எடுத்தேன். கனமான ரீல். கைப்பிடியைச் சுற்றினால் டிக் டிக் டிக் என்று ஒரே சீரான சத்தம். எண்ணெய் போட்டு வைத்திருந்த பொருள்.

"அங்கிளோடதா ஆன்டி?"

"எந்த அங்கிள்?"

"உங்க வீட்டுக்காரரு..."

"அவருக்கு மீன் முள்ளுன்னாலே பயம். இது என்னோடது."

பின்னால் சேகரன் அண்ணே இருமுவது போலச் சிரித்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விலை கேட்டேன். எண்பது வெள்ளி என்றார். என் சட்டைப் பையில் அதற்கு மேலேயே இருந்தது. கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் எத்தனை வருடப் பழக்கம். நாக்கு தானாக ஓடியது.

"எண்பதா? ஆன்டி, இதுல கைப்பிடி தப்பு பக்கத்துல இருக்கு. செஞ்சவனே தப்பா செஞ்சிட்டான் போல. இதை யாரு வாங்குவா? கடையில சும்மா கொடுத்தாக்கூட எடுக்க மாட்டான். முப்பதுன்னா சொல்லுங்க. அதுவும் சும்மா ஷெல்ஃபுல வைக்கத்தான்."

அவர் ஒரு ஸ்டிக்கரில் விலை எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. அந்தப் பேனா அவருடைய இடது கையில் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

என் கையிலிருந்து ரீலை மெதுவாக வாங்கினார். துணியால் துடைத்து, டின்னில் வைத்து, மூடியை அழுத்தி மூடினார்.

"தப்பு பக்கம்னா உனக்கு எதுக்குத் தம்பி? வேணாம். குக்கர் எடுத்துக்கோ. அஞ்சு வெள்ளி."

டின்னோடு வீட்டுக்குள் போய்விட்டார். நான் அவமானத்தில் குக்கருக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இட்லியாச்சும் கிடைச்சுதே லா," என்றார் சேகரன் அண்ணே. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி அவ்வளவாக இல்லை.

பொய் சொன்னேன் ஆன்டி

மறுநாள் காலையிலேயே அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். வெளிக்கதவு பூட்டியிருந்தது. அண்டை வீட்டுக்காரர், "சர்ச்சு," என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். கால்வாய் ஓரம் ஒரு மாமர நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள் கிடைத்தன.

காரிலிருந்து இறங்கியவர் என்னைப் பார்த்ததும், "குக்கர் ரிட்டர்ன் கிடையாது," என்றார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"அப்பாவுக்கு வலது கை வரல ஆன்டி. அவருக்குத்தான் ரீல்."

"ஷெல்ஃபுல வைக்கன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"வேணும்னு தெரிஞ்சா விலை ஏறிடும்னு."

"என்ன படிச்சிருக்கே?"

"இன்ஜினியரிங்."

"அதான்," என்று கதவைத் திறந்தார்.

அவர் பெயர் ஸ்டெல்லா. போர்ட் கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு போய்விடப் போகிறார், அங்கே மாடி வீடு, இடமில்லை. மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"இடது கையில எழுதினா ஸ்கூல்ல ரூலர் அடி. இடது கையில சோத்தைத் தொட்டா வீட்டுல அடி. கல்யாண வீட்டுல மொய்க் கவரை இடது கையில நீட்டிட்டேன்னு எங்க அம்மா ஒரு வாரம் பேசல. வேலைக்குப் போய் முதல் போனஸ்ல சிங்கப்பூர்ல சொல்லி வாங்கினேன் இதை. போர்ட் கிள்ளான் படகு ஜெட்டியில ஏழு கிலோ சியாக்காப் மீனை இதுலதான் தூக்கினேன். என் கைக்குன்னே செஞ்ச சாமான் அது ஒண்ணுதான். நீ வந்து தப்பு பக்கம்ங்கிறே."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் ஏன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். விசேஷத்துக்குப் போனால் இலையில் இடது கையை வைக்க வேண்டும். கடையில் இடது கையால் காசு நீட்ட வேண்டும். படகிலும் அதேதான். நண்பர்கள் முருகேசு அங்கிள் தலைமையில் ஒவ்வொரு வருடமும் புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறு மறுபடி கடலுக்குப் போகத் தொடங்குவார்கள். இந்த வருடமும் கூப்பிட்டார்கள். "நாசி லெமாக் சோத்தை நான் இடது கையில திங்கிறதை அவனுங்க உக்காந்து பார்க்கணுமா?" என்று அப்பா மறுத்துவிட்டார். படகில் ஐந்து இடம். அவருடைய இடத்துக்கு வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று முருகேசு அங்கிள் எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்லியிருந்தார்.

இதையும் சொன்னேன்.

ஸ்டெல்லா ஆன்டி தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த சனி கடைசி சேல். அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் கையிலதான் கொடுப்பேன், உன் கையில இல்ல. அந்த நாமக்காரரு வேற, புரட்டாசி முடிஞ்சதும் எடுத்துக்கிறேன், எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்காரு. அப்பா வரலன்னா அவருக்கு."

எழுந்தபோது ஓர் அலுமினியத் தட்டை நீட்டினார். "குக்கர் தட்டு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால கிடந்துச்சு."

ஏழு கிலோ சியாக்காப்

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காப்பாருக்குப் போனேன். குக்கரைப் பார்த்த அப்பா, "ரீல் தேடிப் போனவன் சட்டி வாங்கிட்டு வந்திருக்கான்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா குக்கரை எடுத்துக்கொண்டு வாளிப் பக்கம் போனார்.

நான் நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். பொய் சொன்னது, அவமானப்பட்டது, ரூலர் அடி, மொய்க் கவர் எல்லாம்.

"யார் வீட்டுக்கோ போய் என் கையைக் காட்டணுமா?"

"ஆமாப்பா."

"புரட்டாசியில தூண்டில் சாமானா?"

"பார்க்கத்தான் போறோம்."

"வேணாம். விடு."

விடவில்லை. அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். தொலைக்காட்சியில் செய்தி முடிந்தது. அடுத்த நிகழ்ச்சியும் ஓடியது. பிறகு அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொம்பள என்ன மீன் பிடிச்சிருக்கு?"

"சியாக்காப். ஏழு கிலோவாம்."

"எங்க?"

"போர்ட் கிள்ளான் ஜெட்டியில."

"பொய்."

"நீங்களே கேளுங்க."

"ஜெட்டியில ஏழு கிலோவா? நான் முப்பது வருசமா..." நிறுத்திக்கொண்டார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

செருப்பு மீன்

நண்பனின் காரை இரவல் வாங்கி அழைத்துப் போனேன். அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். மேசைகள் பாதி காலி. சேகரன் அண்ணே ஒரு புத்தக அலமாரியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பாவையும் என்னையும் பார்த்துவிட்டு அலமாரியை இறக்கி வைத்தார்.

ஸ்டெல்லா ஆன்டி டின்னைத் திறந்து, ரீலை இடது கையால் எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவின் இடது கை பாதி தூரம் போய் நின்றது. அந்நியப் பெண்ணிடமிருந்து இடது கையால் ஒன்றை வாங்குவது. அவர் என்னைப் பார்த்தார். நான் கிறிஸ்மஸ் மரத்தைப் பார்த்தேன். பிறகு அவர் வாங்கிக்கொண்டார்.

உற்றுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கைப்பிடி தப்பு பக்கத்துல இருக்கே," என்றார்.



ஆன்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "குடும்பமே இப்படித்தானா?" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு கம்பைக் கொண்டு வந்து ரீலை மாட்டினார். கம்பை வெளிக்கதவின் குறுக்குக் கம்பியில் சாய்த்தார். "அண்ணே, அந்தக் கையை வெளிய எடுங்க. இது மேல போடுங்க. வெயிட்டுக்கு."

அப்பா பையிலிருந்து வலது கையை எடுத்தார். இடது கையால் தூக்கி, கம்பின் மேல் கிடத்தினார். தூண்டில் நரம்பின் நுனியில் ஆன்டி தன் குளியலறைச் செருப்பு ஒன்றைக் கட்டினார்.

"யாராச்சும் இதை எடுத்துக்கிட்டு ரோட்டுல ஓடுங்க. மீன் இல்லாம எப்படிப் பழகுறது?"

நான் நகர்வதற்குள் சேகரன் அண்ணே செருப்பை எடுத்துவிட்டார்.

"அண்ணே, புரட்டாசி," என்றேன்.

"செருப்புதானே பிடிக்கிறேன்? பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நாமமும் வேட்டியுமாகத் தெருவில் ஓடினார். நரம்பு விர்ரென்று இறங்கியது. அப்பா சுற்ற ஆரம்பித்தார். கை தடுமாறியது. முதல் தடவை நரம்பு சிக்கியது. பொறுமையாக எடுத்துவிட்டோம். இரண்டாம் தடவை கைப்பிடி விரலிலிருந்து நழுவியது.

"போதுமாப்பா?" என்றேன்.

"நீ தள்ளி நில்லு. டேய் நாமம், மறுபடி ஓடு!"

மூன்றாம் தடவை டிக் டிக் டிக் என்று அந்தச் சீரான சத்தம் எழுந்தது. தெருக்கோடியில் சேகரன் அண்ணே செருப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், உதறினார், இடதும் வலதுமாக ஓடினார். அண்டை வீட்டு நாய் அவரோடு சேர்ந்து ஓடியது. அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார். "விடாத, நல்லா இழு! ஏழு கிலோ மாதிரி இழு!" கம்பு வளைந்தது. வலது கை கம்பின் மேல் அசையாமல் கிடந்து தன் வேலையைச் செய்தது. சேகரன் அண்ணே மூச்சிரைக்கக் கதவு வரைக்கும் வந்து சேர்ந்தார்.

"மீன் ரொம்பப் பெருசு," என்றார் அப்பா.

"எண்பது கிலோ," என்றார் சேகரன் அண்ணே, சுவரில் சாய்ந்தபடி.

நான் காசை எடுத்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, இடது கையால் ஆன்டியிடம் நீட்டினார். இந்தத் தடவை கை பாதியில் நிற்கவில்லை. ஆன்டியும் இடது உள்ளங்கையை விரித்துத்தான் வாங்கினார்.

"ஏழு கிலோன்னு பையன் சொன்னான்," என்றார் அப்பா.

"ஏழே கால்."

வாளி

திரும்பும் வழியெல்லாம் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். பக்கத்து இருக்கையில் டிக் டிக் சத்தம். ஷா ஆலாம் தாண்டியதும் அப்பா சொன்னார்: "எண்பதை அப்படியே கேட்டபடி எடுத்துட்டியே. அறுபதுக்குப் பேசியிருக்கலாம்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

வாசலில் அம்மா காத்திருந்தார். காலடியில் மஞ்சள் தண்ணீர் வாளி.

"கொடுங்க இப்படி," என்று கையை நீட்டினார்.

அப்பா ரீலை இடது கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். வாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அந்தத் தண்ணியை வேணும்னா என் தலையில ஊத்து. இதுல ஒரு சொட்டு படக் கூடாது."

"அடுத்தவங்க வீட்டுச் சாமான்..."

"பரவால்ல. அந்தம்மா நல்லா இருக்கு."

அம்மா உண்மையாகவே ஒரு கை தண்ணீர் அள்ளி அவர் தலையில் தெளித்தார். மஞ்சள் துளிகள் நெற்றியில் வழிய, அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ரீலை மேசைமேல் வைத்து அதன் மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். பிறகு இடது கட்டைவிரலால் கைப்பேசியில் மெதுவாக எண்களை அழுத்தினார்.

"முருகேசு, நான்தான். என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுத்துடலயே?"